காப்பு அவுத்தாச்சு

வாங்க, வாங்க, இப்படி உக்காருங்க. நான் தள்ளிக்கிறேன். பையக் குடுங்க, மடியில வச்சுக்கிறேன். கொடைய மட்டும் அங்கிட்டு வச்சுக்கங்க, தொடையில குத்துது. டீச்சருங்களா? பாத்தாலே தெரியுது. மணி என்ன ஆச்சு டீச்சரம்மா? பத்தரையா! ஆத்தாடி ஆத்தா. இந்த உருட்டு உருட்டுனா பன்னெண்டு மணிக்குள்ள எங்க போய்ச் சேர? டிரைவரண்ணே, கொஞ்சம் மிதிங்கண்ணே! காது கேக்காத மாதிரியே உக்காந்திருக்காரு பாருங்க.

பன்னெண்டு மணிக்கு டவுனு ஆஸ்பத்திரியில அந்த ஜெபமணி சிஸ்டரு கதவச் சாத்திப்புடுவா. அதுக்குள்ள என் தம்பியக் கொண்டு போய் அவ முன்னாடி நிப்பாட்டணும். இல்லைன்னா கம்ப்யூட்டரே அவன் பேரத் தானா எடுத்துருமாம். பேரு போச்சுன்னா மாத்திரை போச்சு. மாத்திரை போச்சுன்னா என் தம்பி போயிட்டான். அம்புட்டுதான் விசயம்.

அந்தா, டிரைவருக்குப் பின்னாடி, சன்னல் கம்பியில தலையச் சாச்சுத் தூங்குறான்ல, மஞ்சத் துண்டு போட்டவன், அவன்தான். பேரு தவசி. நான் இந்த எடத்துல, என் பக்கத்துலதான் உக்கார வச்சேன். கண்டக்டரு வந்து, லேடீஸ் சீட்டுல ஆம்பளையா, எந்திரி எந்திரின்னு வெரட்டி அங்கிட்டு மாத்தி விட்டாரு. நல்லா இருக்கற புள்ளையா அது? சட்டம் பேசுறாரு. எங்க போனாலும் சட்டம். நம்மள மாதிரி ஆளுககிட்டதான் இம்புட்டுச் சட்டமும்.

குறட்டை கேக்குதா? இஞ்சின் சத்தத்தையும் தாண்டிக் கேக்குது பாருங்க. எட்டு நாளாக் கண்ணு பொருந்தாத புள்ள. எறங்குற எடம் வரைக்கும் எழுப்பிராதீங்க சாமின்னு கண்டக்டருகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்.

ஒளிச்சு என்ன ஆகப்போகுது, ஊரே பேசுனதுதான். என் தம்பி போர் போடுற லாரியில வடக்க போனவன். மத்தியப் பிரதேசம் அங்க இங்கன்னு, ஊர் ஊராப் போய்ப் பூமியத் தோண்டுறது. பகலும் தூக்கணும், ராவும் தூக்கணும். ஒரு நாளு இரும்புக் குழாய் நழுவித் தோள்ல எறங்கிருச்சு. மேஸ்திரி வலிக்கு ஒரு மாத்திரை குடுத்தானாம். அதைப் போட்டுக்கிட்டு மறுபடி குழாயத் தூக்கியிருக்கான். அப்புறம் வலிச்சாலும் மாத்திரை, வலிக்காட்டியும் மாத்திரை. அப்புறம் அதைக் கரைச்சு ஊசியில ஏத்துற பழக்கம். ஊருக்கு வந்து எறங்கறப்ப எனக்கே அடையாளம் தெரியல டீச்சரம்மா. எங்கம்மா சாகறப்ப அவனுக்குத் தவழ்ற வயசு. என் இடுப்புலயே வளந்தவன். எனக்குன்னு வயித்துல ஒண்ணும் தங்கல, அவன்தான் எனக்குப் புள்ள. அந்தப் புள்ள வாசல்ல நிக்குது, யாரு வேணும்னு கேக்குறேன் நான்!

எம்புட்டோ பாத்தேன். கோடாங்கிகிட்ட கூட்டிட்டுப் போனேன். கயிறு கட்டுனேன். பைபாஸ் ரோட்டுல ஒருத்தன் மறுவாழ்வு இல்லம்னு போர்டு மாட்டி வச்சிருந்தான், அங்க கொண்டு போய் விட்டேன். பாவி, சங்கிலியில கட்டிப்போட்டு அடிச்சிருக்கான். நல்லவேளை, லைசென்சு இல்லைன்னு அதிகாரிக வந்து பூட்டி சீல் வச்சாங்க. அன்னிக்கு அந்த அதிகாரிகளைக் கையெடுத்துக் கும்பிட்டேன். சட்டம்னா இப்படில்ல இருக்கணும்னு சொன்னேன். சரியான எடத்துல சட்டம் பேசுனா யாரு வேணாங்குறா?

அப்புறந்தான் இந்த டவுனு ஆஸ்பத்திரி. பின்னாடி, சைக்கிள் ஸ்டாண்டத் தாண்டி, தகரம் போட்ட கட்டிடம். ஊசிப் பழக்கத்த விட வைக்கிற மாத்திரை அங்க குடுக்குறாங்க. காலையில போகணும். ஜெபமணி சிஸ்டரு மாத்திரைய நுணுக்கி நாக்குக்கு அடியில வைக்கும். அதை முழுங்கவும் கூடாது, பேசவும் கூடாது. கரையிற வரைக்கும் பெஞ்சுல உக்காந்திருக்கணும். மீசையும் கீசையுமா ஆம்பளைக, வாயில கொழுக்கட்டை வச்ச மாதிரி வரிசையா உம்முன்னு உக்காந்திருப்பானுக. பாத்தா சிரிப்பு வரும். கரைஞ்சதும் ஆன்னு வாயத் தொறந்து காட்டணும். சிஸ்டரு டார்ச்சு அடிச்சுப் பாத்துட்டு, சரி போன்னும்.

ஆனா சும்மா சொல்லக் கூடாது, புள்ள தேறிட்டான். சோறு கேட்டான். தல வெட்டிக்கிட்டான். தென்னந்தோப்புல தண்ணி பாய்ச்சப் போனான். ஒரு நாளு நான் சட்டியக் கவுத்துப்புட்டேன், அதைப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சான் டீச்சரம்மா. எம்புட்டு வருசமாச்சு அந்தச் சிரிப்பக் கேட்டு! அடுப்படியில உக்காந்து அழுதேன் நான்.

எல்லாரும் மாத்திரைதான் காப்பாத்துச்சுன்னாங்க. மாத்திரையா காப்பாத்துச்சு? எங்க காளியாத்தா காப்பாத்துனா. அவன மொத மொத ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முந்தி, ஆத்தா சன்னதியில போய் விழுந்துதான போனேன்? என் தம்பிய மனுசனாக்கிக் குடு தாயி, ஆடித் திருவிழாவுக்கு உனக்கு அக்கினிச்சட்டி எடுக்க வைக்கிறேன்னு நேந்துக்கிட்டுதான போனேன்? அவ குடுத்துட்டா. குடுத்தவளுக்குத் திருப்பிச் செய்ய வேணாமா?

ஏம்மா பஸ்ஸு நிக்குது? ஆடா? ஏய், யாருப்பா அது ஆட்ட ஓட்டுறது, வெரசா ஒதுக்கு! மணி பாருங்க டீச்சரம்மா. சரி, சரி.

மொதல்ல இம்புட்டுக் கெடுபிடி கெடையாது. எங்க ஊருக்கு ஞாயித்துக்கெழமை பஸ்ஸு கெடையாது. அதுனால சனிக்கெழமையே, ஞாயித்துக்கெழமை மாத்திரைய ஒரு பேப்பர்ல மடிச்சு என் கையில குடுத்துரும் அந்த சிஸ்டரு. யக்கா, பத்திரம், பூட்டி வையிங்க, வேற யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லும். நல்ல பொம்பளைதான், நான் இல்லைங்கல.

அப்பத்தான் ஒரு ஞாயித்துக்கெழமை என் நாத்தனா வீரம்மா இடுப்பு வலின்னு சுவத்தப் புடிச்சுக்கிட்டு அழுதா. கல்லு சுமக்குற பொம்பள. பாக்கச் சகிக்கல. நம்ம வீட்டுல என்ன வழக்கம்? தலவலின்னா பக்கத்து வீட்டுல மாத்திரை வாங்கிப் போடுறதில்லையா? போர் லாரியில தோள்ல குழாய் விழுந்தவனுக்கே கேக்குற மாத்திரை, இவ இடுப்புக்குக் கேக்காதான்னு பாதிய ஒடச்சுக் குடுத்தேன். மிச்சப் பாதிய தவசி வச்சுக்கிட்டான். அப்படிப்பட்ட புள்ள. இவ என்னடான்னா பகல் பூரா வாந்தி. கண்ணு சொருகிருச்சு. ஆட்டோவுல போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். என்னம்மா குடுத்தீங்கன்னு பெரிய டாக்டரு கேட்டாரு. உள்ளதைச் சொன்னேன். யாரு குடுத்தது இந்த மாத்திரைன்னாரு. உங்க தகரக் கட்டிடத்து சிஸ்டருதான் மடிச்சுக் குடுக்கும்னேன். வைத்தியருகிட்ட பொய் சொல்லக் கூடாதுல்ல? வீரம்மா பொழச்சுக்கிட்டா, அவளுக்கு ஆயுசு கெட்டி.

அது முடிஞ்சு கொஞ்ச நாள்ல மெட்ராசுலருந்து அதிகாரிக வந்து எறங்கிட்டாங்க. மாத்திரைய எண்ணுனாங்க, அலமாரியத் தொறந்து பாத்தாங்க, சிஸ்டரு கையில மெமோவக் குடுத்தாங்க. இனிமே ஒருத்தனுக்கும் கையில மாத்திரை கெடையாது, ஆளு நேர்ல வரணும், கண்ணு முன்னாடி கரையணும்னு உத்தரவு. எவனோ போட்டுக்குடுத்துட்டான் டீச்சரம்மா! எவன்னு தெரியல. அந்த நாசமாப் போறவன் மட்டும் என் கையில கெடைச்சான்னா வெளக்கமாறு பிஞ்சுரும். தொலைவெட்டுலருந்து வர்ற ஏழை சனம் எம்புட்டுப் பேரு வயித்துல அடிச்சிருக்கான்!

அப்புறம் ஞாயித்துக்கெழமையெல்லாம் தவசி சைக்கிளேறிப் போனான். இந்த ரோட்டுலதான். மேடு பாத்தீங்கள்ல, அந்த மேட்டுல எறங்கித் தள்ளிக்கிட்டுப் போவானாம். ஒரு நாளு விடல.

இந்த ஆடியில திருவிழா சாட்டிட்டாங்க. அக்கினிச்சட்டி எடுக்கறவன் காப்புக் கட்டணும், காப்புக் கட்டுனா எல்லையத் தாண்டக் கூடாது, திருவிழா முடிஞ்சு காப்ப அவுக்குற வரைக்கும். இது எங்க ஊருச் சட்டம். ஆத்தா போட்ட சட்டம், ஆபீசரு போட்டதில்ல. நான் சிஸ்டருகிட்ட போய்ச் சொன்னேன். எட்டு நாளு மாத்திரையக் கையில குடுத்துரு தாயி, அதே மாதிரி நுணுக்கி நாக்குக்கு அடியில நானே வச்சு விடுறேன்னேன்.

"யக்கா, என்னால முடியாதுக்கா. ஏற்கெனவே ஒரு மெமோ வாங்கியிருக்கேன். என் கண்ணு முன்னாடி கரையணும், அதான் ரூலு. அவர அடுத்த வருசம் சட்டி எடுக்கச் சொல்லுங்களேன்"னா.

எனக்கு வந்துச்சே கோவம்! "ஏன் சிஸ்டரு, நீ உங்க மாதாவுக்கு நேந்துக்கிட்டா அடுத்த வருசம்னு சொல்லுவியா?"ன்னு கேட்டுட்டேன். கேக்கக் கூடாதுதான். கேட்டுட்டேன். அது மொகம் சுருங்கிருச்சு.

"அக்கா, ஒண்ணு மட்டும் கேளுங்க. நடுவுல விட்டுட்டா ஒடம்பு பழைய மாதிரி தாங்காது. அந்த நேரத்துல அவரு வெளிய வாங்கிப் பழைய அளவுல போட்டுட்டாருன்னா..."

அவ முடிக்கவே இல்ல, நான் எந்திரிச்சு வந்துட்டேன். நல்ல காரியத்துக்குப் போறப்ப வாயில வர்ற வார்த்தையப் பாருங்க! இவுக எப்பவும் அப்படித்தான். மாசத்துக்கு ஒருக்கா வீட்டாளுகளையெல்லாம் வரச்சொல்லிப் பாடம் நடத்துவாங்க. போன மாசம் ஒரு பொம்மையப் பொணம் மாதிரித் தரையில நீட்டிப் போட்டு, மூக்கப் புடிச்சுக்கிட்டு, வாயில வாய வச்சு ஊதிக் காட்டுறாங்க. ஒதடு நீலமாச்சுன்னா இப்படி, கூப்பிட்டு எந்திரிக்கலைன்னா இப்படின்னு. நேத்திக்கடன் இருக்கற ஒடம்போட இதையெல்லாம் உக்காந்து பாக்கறதா? நான் பாதியில எந்திரிச்சு வெளிய வந்துட்டேன். ஆஸ்பத்திரி வாசல்ல மல்லியப்பூ நல்லா இருந்துச்சு, ரெண்டு மொழம் வாங்குனேன்.

என்னத்த டீச்சரம்மா அங்கயே பாக்குறீங்க? அவன் நல்லாத்தான் தூங்குறான். நீங்க கேளுங்க.

காப்புக் கட்டியாச்சு. முத ரெண்டு நாளு சமாளிச்சான். அப்புறம் கொட்டாவி கொட்டாவியா விடுறான், கண்ணுலயும் மூக்குலயும் தண்ணி ஊத்துது. வயிறு நிக்காமப் போகுது. காலு ரெண்டும் தானா ஒதைக்குது. தரையில சுருண்டு கெடந்துக்கிட்டு, "அக்கா, காப்ப அவுத்து விட்டுருக்கா. ஒரே ஒரு நடை போயி நாக்குல வச்சுக்கிட்டு ஓடியாந்துர்றேன்"னான். நான் என்ன செய்வேன்? ஒதைக்குற கால அமுக்கிப் புடிச்சுக்கிட்டேன். ஆனா ஆத்தாகிட்ட வாக்குக் குடுத்தது நானுல்ல?

இந்தப் பூசாரி சங்கையா இருக்காரே, அவரு வந்து என்ன சொல்றாரு தெரியுமா? "தாயி, வைத்தியத்துக்குப் போறவன ஆத்தா கோவிச்சுக்க மாட்டா. எல்லைக்கல்லுக்கிட்ட துன்னூறப் பூசிக்கிட்டுப் போகட்டும், பொழுதடைய வந்துரட்டும். நம்ம ஊர்ல கோர்ட்டுக்குப் போறவன் போகலையா, பரீச்சைக்குப் போற புள்ளைக போகலையா?"ங்குறாரு. எப்படி இருக்குது கத! பூசாரியே சட்டத்த வளைச்சா அப்புறம் ஆத்தாளுக்கு என்ன மருவாதி? எனக்கு அரைகொறை வேண்டாம் சாமி, செஞ்சா முழுசாச் செய்யறேன்னுட்டேன். சைக்கிள் சாவிய முந்தியில முடிஞ்சுக்கிட்டேன். தவசி அதைப் பாத்தான். சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டான்.

சிஸ்டருக்கு மட்டும் கொஞ்சம் எரக்கம் இருந்திருந்தா? எட்டே எட்டு நாளு. சட்டம் சட்டம்னு ஒரு மனுசி இம்புட்டுப் பிடிவாதம் புடிக்கலாமா டீச்சரம்மா? ஒரு உசிரு துடிக்குது, சட்டத்தக் கொஞ்சம் தள்ளி வச்சா என்ன கொறஞ்சு போகும்?

ஆனா ஒண்ணு. அக்கினிச்சட்டி அன்னிக்கு நீங்க பாத்திருக்கணும்! மஞ்ச வேட்டி கட்டி, வேப்பலை சொருகி, சட்டியக் கையில குடுத்தோம். ஒடம்பு கிடுகிடுன்னு ஆடுது. பல்லு தந்தியடிக்குது. வேர்த்துக் கொட்டுது, மயிர்க்காலெல்லாம் குத்திட்டு நிக்குது. அருளு எறங்கிருச்சுன்னு ஊரே குலவ போட்டுச்சு. பொம்பளைக அவன் கால்ல தண்ணிய ஊத்தி விழுந்து கும்பிட்டாங்க. என் தம்பி கால்ல! திருட்டுப்பய, ஊசிப்பயன்னு பேசுனாளுகளே, அதே பொம்பளைக! ஒருத்தி, சாமி என்ன வேணும் கேளுன்னு கேட்டா. "என்னைய விட்டுருங்க, என்னைய விட்டுருங்க"ன்னு கத்துறான். ஆத்தா மலையேறப் போறான்னு கற்பூரம் கொளுத்துனாங்க. கோயில்ல சட்டிய எறக்குனதும் மடார்னு விழுந்தான். எனக்குப் பெருமை தாங்கல டீச்சரம்மா, பொய் சொல்லல. அம்மா இருந்து பாக்கலையேன்னு இருந்துச்சு.

அப்புறம் அவனால எந்திரிக்க முடியல. நேத்து சிஸ்டரு எங்க ஊரு டீக்கடைக்குப் போன் பண்ணியிருக்கு. நாளைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள தவசியக் கூட்டியாரச் சொல்லுங்க, டாக்டருகிட்ட பேசி வச்சிருக்கேன், கொறஞ்ச அளவுலருந்து மறுபடி ஆரம்பிக்கலாம், நாளைக்கு விட்டா பேரு போயிரும், எப்படி இருந்தாலும் சரி அப்படியே தூக்கிட்டு வாங்கன்னு சொல்லுச்சாம். அப்படியே தூக்கிட்டு வாங்களாம்! லேசாச் சொல்லிப்புட்டா. வெள்ளன எந்திரிச்சு, பூசாரியக் கூப்பிட்டுக் காப்ப அவுத்தாச்சு. ஆனா நிக்க வச்சா மடங்கி மடங்கி விழுறான். பஸ்ஸுப்படி எப்படி ஏறுவான்? வழியில வயித்தால போனா?

அவன் பழைய கூட்டாளி ஒருத்தன், அவனும் போர் லாரிக்காரன்தான், மொக்கையன்னு பேரு, திருவிழாவுக்கு வந்திருந்தான். அவன்கிட்ட போனேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் தாங்குனாப் போதும்டா, அந்தப் பழைய மாத்திரையக் குடுடான்னேன். குடுத்தான். தவசிகிட்ட கொண்டு போனா, இந்தக் கிறுக்குப்பய வேண்டாங்குறான்! "வேணாம்க்கா, இம்புட்டு நாளு விட்டாச்சு, இப்படியே தூக்கிட்டுப் போங்க, நான் பல்லக் கடிச்சுக்கிட்டு வந்துர்றேன்"ங்குறான். கையெடுத்துக் கும்பிடுறான். என் கையில பால்சோறு தின்னு வளந்த புள்ள, என்னையக் கும்பிடுறான். எனக்கு மனசு தாங்குமா? அக்கா குடுக்குறேன்டா, விசமா குடுக்குறேன், தொறடா வாயைன்னேன். தொறந்தான். சின்னப்புள்ளையில தொறக்குற மாதிரியே தொறந்தான்.

சிஸ்டரு செய்யிற மாதிரியே நுணுக்கி நாக்குக்கு அடியில வச்சு, கொஞ்சம் டீயையும் ஊத்தி, உள்ள போற வரைக்கும் உக்காந்து பாத்துட்டுத்தான் எந்திரிச்சேன். ஆன்னு காட்டச் சொல்லி வாயையும் பாத்தேன். எல்லாம் என் கண்ணு முன்னாடிதான். எந்தச் சட்டத்த நான் மீறுனேன் சொல்லுங்க?

எம்புட்டா? முன்னாடி அவன் எம்புட்டுப் போடுவானோ, அம்புட்டு. எனக்குத் தெரியாதா அவன் அளவு? எட்டு நாளாக் காஞ்சு கெடந்தவனுக்குக் கொறச்சுக் குடுத்தா எப்படித் தாங்கும்?

பாருங்க, அப்புறம் எம்புட்டு அருமையா நடந்து வந்தான் தெரியுமா? பஸ் ஸ்டாப்புல என் தோள்ல சாஞ்சுக்கிட்டு, "அக்கா, இப்ப வலிக்கலக்கா"ன்னான். எட்டு நாளைக்கப்புறம் அவன் மொகத்துல அந்தத் தெளிச்சி. அதுக்கப்புறம் பஸ்ஸுல ஏறி உக்காந்தவன்தான், தூங்கிட்டான்.

எப்பக் குடுத்தேனா? பஸ்ஸு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி. ஏன், எதுக்குக் கேக்குறீங்க?

அப்பாடா, அந்தா தண்ணித் தொட்டி தெரியுது. இன்னும் கொஞ்சம்தான். மணி பதினொண்ணரைதான? போயிரலாம். போயிரலாம் டீச்சரம்மா. ஆத்தா கைவிட மாட்டா. சிஸ்டரு கால்ல வேணாலும் விழுந்துருவேன். மாதாவப் பத்திப் பேசுனதுக்கு மன்னிச்சுக்க தாயின்னு சொல்லிருவேன். எனக்கு என்ன, மானமா ரோசமா? அவன் திருப்பியும் அந்தப் பெஞ்சுல உம்முன்னு உக்காந்திருந்தாப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம்.

குறட்டை நின்னுருச்சு பாத்தீங்களா? நல்ல தூக்கம். அசந்து தூங்குறான்.

எங்க எந்திரிக்கிறீங்க? உங்க ஸ்டாப்பா? அய்யய்யோ, அங்க எதுக்குப் போறீங்க, எழுப்பாதீங்கம்மா, இப்பத்தான் தூங்குறான், அவனத் தொடாதீங்க... ஏன் கத்துறீங்க? எதுக்கு பஸ்ஸ நிறுத்தச் சொல்றீங்க? நிறுத்தாதீங்கண்ணே! பன்னெண்டு மணிக்குள்ள போகணும்ணே, நிறுத்தாதீங்க! டீச்சரம்மா, உங்களுக்குக் கோடிப் புண்ணியம், வண்டிய விடச் சொல்லுங்க!

தள்ளுங்க. தள்ளுங்கய்யா, என் தம்பி. தவசி. டேய் தவசி. ராசா, எந்திரி, ஆஸ்பத்திரி வந்துருச்சு. சிஸ்டரு நிக்குது பாரு. என்ன இது, ஒதடு ஏன் இப்படி இருக்கு? நாவப்பழம் தின்னவன் மாதிரி... நான் நாவப்பழம் வாங்கித் தரலையே. டீச்சரம்மா, நான் டீ மட்டுந்தான குடுத்தேன்? தவசி! அக்கா கூப்புடுறேன்டா! அக்கா கூப்பிட்டு நீ எந்திரிக்காம இருந்திருக்கியாடா?

ஒடம்பு சூடாத்தான் இருக்கு. பாருங்க, தொட்டுப் பாருங்க, சூடாத்தான் இருக்கு. படுக்கப் போடுங்கய்யா, கீழ படுக்கப் போடுங்க. எல்லாரும் தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்.

மூக்கப் புடிக்கணும். மூக்கப் புடிச்சுக்கிட்டு, வாயில வாய... அதுக்கு முன்னாடி தலைய என்னமோ பண்ணுனாங்களே. நிமுத்துனாங்களா, சாய்ச்சாங்களா? நான் பூ வாங்கிட்டிருந்தேனே டீச்சரம்மா. நீங்க படிச்சவுக, உங்களுக்குத் தெரியும், சொல்லுங்க. யாருக்காச்சும் தெரியுமா? இம்புட்டுப் பேரு நிக்கிறீங்களே, ஒருத்தருக்குமா தெரியாது? எப்படி ஊதணும்? சொல்லுங்கய்யா, என் சாமிகளா, எப்படி ஊதணும்?